படையில்லா வேந்தருக்குக் கட்டியம்

கொழும்பு விமான நிலையத்தில் என் அட்டைப்பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி, உள்ளே குனிந்து பார்த்தார். பஞ்சுப் பொதிக்கு நடுவே, பித்தளையில் அடித்துத் தங்கமுலாம் பூசிய கிரீடம் ஒன்று மினுமினுத்துக்கொண்டிருந்தது.

"யாருக்கு இது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒரு ராஜாவுக்கு சார்."

"எந்த நாட்டு ராஜா?"

"அவருக்கு நாடெல்லாம் கிடையாது சார்."

பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் என்னவோ சொன்னார். இருவரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். வேடிக்கை போதும் என்று அலைபேசியை எடுத்து, மன்னார்த் தீவின் சிற்றூர்க் கோயில் ஒன்றிலிருக்கும் கிறிஸ்து அரசர் சுரூபத்தின் படத்தைக் காட்டினேன். பழைய கிரீடம் கடற்காற்றில் அரித்துப்போய், அரசர் வெறுந்தலையோடு நின்றார். அதிகாரியின் முகம் மாறிவிட்டது. சட்டைக்குள்ளிருந்து சிலுவைச் சங்கிலியை இழுத்துக் காட்டி, தானும் கத்தோலிக்கன்தான், ராஜாவுக்குத் தன் வணக்கத்தைச் சொல்லவேண்டும் என்று பெட்டியை அவரே கட்டித் தந்தார்.

தூத்துக்குடியில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. கோயில் மணி, மெழுகுவர்த்தித் தண்டு, தூபக்கால், கிரீடம் எல்லாம் செய்து விற்கிறோம். நான் புரொட்டஸ்டன்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துக் கிராமங்களில் பிரசங்கமும் செய்கிறவன். சுரூபங்களை வணங்குவதில்லை, ஆனால் அவற்றுக்குக் கிரீடம் செய்து கொடுப்பேன். இது எப்படிச் சரி என்று கேட்கிறவர்களுக்கு என் மனைவி, "அது ஆத்துமா, இது வியாபாரம்" என்று பதில் சொல்லி வாயை அடைத்துவிடுவாள்.

மன்னார் எங்களுக்குக் கூப்பிடு தூரம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். கூப்பிட்டுப் பார்த்தவர்கள் யாரும் இல்லை போலிருக்கிறது. நடுவே கொஞ்சம் கடல், அதைத் தாண்ட ஆகாயத்தில் ஒரு சுற்று, பிறகு தரையில் இரவெல்லாம் பஸ். பொழுது விடியும்போது பாலம் வந்தது. இரண்டு பக்கமும் ஆழமில்லாத நீர், அதில் ஒற்றைக்காலில் நிற்கும் பறவைகள், தூரத்தில் மெல்லச் சுழலும் காற்றாலைகள். ஊர் எல்லையில் பஸ் நின்றுவிட்டது. பழுது ஒன்றுமில்லை. நடுரோட்டில் கழுதைகள் படுத்திருந்தன.

எங்கள் ஊரில் மாடு படுத்திருந்தால் டிரைவர் ஆரனை அழுத்தி, மாட்டுக்காரனின் பரம்பரையையே இழுப்பார். இங்கே டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாய்ந்துகொண்டார். "எழும்பினாப் போகலாம்" என்றார். அவை எழும்பின, எங்களுக்காக அல்ல, தங்களுக்குத் தோன்றியபோது. கழுதையேறி நகருக்குள் வந்த அரசருக்குக் கிரீடம் கொண்டுபோகிறவனை அந்த ஊரில் முதலில் வரவேற்றவை அவைதான். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

பஸ் நிலையத்தில் என்னைக் கூட்டிப்போக வந்தவர் சந்தியோகு. ஐம்பது வயதிருக்கும், கட்டையான ஆள், ஆனால் குரல் மட்டும் ஆளைவிட இரண்டு மடங்கு பெரியது. அவருடைய ஓட்டோவின் கூரையில் முன்னும் பின்னுமாக இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்கள். 'மைக் சந்தியோகு' என்றால் தாராபுரத்திலிருந்து தலைமன்னார் வரை தெரியாத ஆள் இல்லையாம்.

"வாங்கோ அண்ணை. இராசான்ர சாமான் பத்திரமா இருக்கோ? மடியில வைச்சுக்கொள்ளுங்கோ, ரோட்டு சரியான பள்ளம். போற வழியில ஒண்டு ரண்டு அறிவித்தல் இருக்கு, கோவிக்கக் கூடாது."

அந்த ஒன்றிரண்டு அறிவித்தல்களில் நான் மன்னாரைப் பாதி பார்த்துவிட்டேன். ஒரு தெருமுனையில் மரண அறிவித்தல், குரல் தழுதழுத்தது. அடுத்த சந்தியில் கோயில் பெருநாள் அறிவித்தல், குரலில் மணி அடித்தது. மூன்றாவது தெருவில் பிரதேச சபைத் தேர்தல். "உங்கள் பெறுமதியான வாக்குகளை அரிக்கன் லாம்புச் சின்னத்துக்கு அளித்து அமோக வெற்றியீட்டச் செய்யுங்கள்!" என்று சந்தியோகு முழங்கியதும் நானே இறங்கிப் போய்ப் போட்டுவிடலாமா என்று தோன்றியது. எங்கள் ஊர் ஆட்டோக்களில் பதிவுசெய்த குரல்தான் ஓடும். இவர் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொன்னார்.

அவருடைய ஊர் பேசாலைப் பக்கத்து மீனவர் குடியிருப்பு. பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ஊருக்குள் திரும்புகிற மணல் ஒழுங்கையில் ஓட்டோவின் பின்சக்கரம் புதைந்துவிட்டது. மடியிலிருந்த கிரீடத்தைச் சீட்டில் வைத்துவிட்டு நான் இறங்கித் தள்ளினேன். சந்தியோகு உள்ளேயிருந்து முறுக்கினார். அறிவித்தலையும் நிறுத்தவில்லை, வாங்கின காசுக்குக் கத்தியாக வேண்டுமாம். அரிக்கன் லாம்பின் புகழ் ஊரெல்லாம் ஒலிக்க, வேட்டியெல்லாம் மணலாக நான் தள்ளிக்கொண்டிருந்தபோது, வேலியோரம் வலை தைத்துக்கொண்டிருந்தவர் சிரித்தார்.

"என்ன சந்தியோகு, லாம்புக்காரர் இந்தியாவில இருந்தும் ஆள் இறக்கிப்போட்டினமோ?"

வெளிநாட்டுத் தேர்தலில் தலையிட்டவன் என்று என்னைத் திருப்பி அனுப்பாமலிருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

சந்தியோகுவின் மனைவி திரேசம்மா வாசலிலேயே தண்ணீரும் துவாயுமாக நின்றார். குளித்து வந்ததும் புட்டும் மீன் சொதியும். தேங்காய்ப்பாலில் மஞ்சள் நிறமாக, பச்சை மிளகாய் மிதக்கிற அந்தச் சொதியை எங்கள் வீட்டுக் குழம்போடு ஒப்பிடக் கூடாது, பிறகு ஊர் திரும்ப முடியாது. "சாப்பிடுங்கோ அண்ணை, வெக்கப்படாதேங்கோ" என்று அவர் சொல்வதற்குள் மூன்றாம் தடவை போட்டுக்கொண்டுவிட்டேன்.

மத்தியானம் கிரீடத்தைக் கோயிலில் ஒப்படைத்தோம். பங்குச் சுவாமி என்று அங்கே அழைக்கும் பாதிரியார் இளைஞர், மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கிரீடத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "வடிவாயிருக்கு. முள்முடி செய்யிறதெண்டால் மலிவா முடிஞ்சிருக்கும், என்ன?" என்று சிரித்தார். பிறகு சந்தியோகுவின் பக்கம் திரும்பியபோது சிரிப்பு இல்லை.

"நான் சொன்னது ஞாபகம்தானே? கட்டியத்தில ஒரு மனுசன்ர பேர் வந்தாலும் அதோட உம்மட கட்டியம் முடிஞ்சுது. பிறகு என்னட்டை வந்து நிக்கக் கூடாது."

"ஓம் சுவாமி" என்றார் சந்தியோகு, அவருக்குச் சற்றும் பொருந்தாத சின்னக் குரலில்.

விஷயம் பிறகு விளங்கியது. பெருநாளன்று மாலை அரசரின் சுரூபத்தைக் கூடு என்கிற தோள் சப்பரத்தில் வைத்து ஊரைச் சுற்றி எடுத்துப்போவார்கள், அதைச் சுற்றுப்பிரகாரம் என்கிறார்கள். கூட்டுக்கு முன்னால் கட்டியக்காரர் நடப்பார். பழைய கூத்துகளில் அரசன் வருகிறான் என்று ஒருவன் உரத்துச் சொல்லிக்கொண்டு வருவானே, அந்த வேலைதான். ஒவ்வொரு வரி முடிவிலும் சனங்கள், அரசர் வருகிறார் கவனம் என்ற பொருளில், 'பராக்' சொல்ல வேண்டும். சந்தியோகுவின் குடும்பத்துக்கு அந்த உரிமை. அவர் எனக்காகக் கோயில் வளவில் நின்று சொல்லிக் காட்டினார்.

"படையில்லா வேந்தர் வருகிறார், பராக்! பராக்! கோட்டையில்லா வேந்தர் வருகிறார், பராக்! பராக்! வரி கேளா வேந்தர் வருகிறார், பராக்! பராக்!"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் எத்தனையோ பிரசங்கங்களில் அரைமணி நேரம் மூச்சுப்பிடித்துச் சொல்கிற விஷயம், மூன்று வரியில் முடிந்துவிட்டது.

இப்போது தேர்தல் காலம். ஒரு பக்கம் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், நம் ஊர்த் தலைமையாசிரியர், நிற்கிறார், அரிக்கன் லாம்பு அவருடையது. மறுபக்கம் பல படகுகளுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி. இருவரும் அதே கோயில், அதே வாங்கில் உட்காருகிறவர்கள். பெஞ்சுக்கு அங்கே வாங்கு. மேற்குத் தெரு அதிபரோடும் கிழக்குத் தெரு சம்மாட்டியோடும் நிற்கிறது. சிக்கல் என்னவென்றால், அரசரின் கூட்டில் ஒரு கொம்பை மேற்குத் தெருவும் மறு கொம்பைக் கிழக்குத் தெருவும் தோளில் சுமப்பது வழக்கம். போன தேர்தலில் யாரோ யாருக்கோ ஜே போட்டு, சுற்றுப்பிரகாரத்திலேயே கைகலப்பாகி, அரசர் பாதி வழியில் கோயிலுக்குத் திரும்பியிருக்கிறார். சுவாமியின் கண்டிப்புக்கு அதுதான் காரணம்.

எங்கள் சபையில் கமிட்டித் தேர்தல் நடக்கிற லட்சணத்தை நினைத்துப் பார்த்தேன். அதற்கு அரசரைச் சுமக்கவே வேண்டாம், நாற்காலி இருந்தால் போதும்.

அன்று சாயந்தரமே அதிபர் சந்தியோகுவின் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய பேச்சு. கதிரையில் உட்கார்ந்து என்னைப் பற்றி விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி சந்தியோகு, பெருநாளுக்கு லைற் எல்லாம் நான்தான் போட்டுத் தந்தனான். கட்டியத்தில என்னைப் பெரிசாச் சொல்லச் சொல்லேல்லை. ஒளி தந்தவர் எண்டு ஒரு சொல்லு போதும்."

"அதிபர், ரோட்டில ஆயிரம் தரம் சொல்லுறன். அங்க மட்டும் ஏலாது. கோவிக்காதேங்கோ."

அதிபர் சிறிது யோசித்தார். "சரி விடு" என்று தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று நான் மகிழ்ந்தேன். சந்தியோகு மகிழவில்லை.

"அதிபரோட பிரச்சினை முடிஞ்சுது அண்ணை. என்ர நாக்கோடதான் முடியேல்லை."

காரணம் மறுநாள் தெரிந்தது. சிலாவத்துறையில் ஒரு காற்பந்துப் போட்டிக்கு அறிவித்தல் சொல்லப் போனார், நானும் ஒட்டிக்கொண்டேன். மழைக்காலம், வழியெல்லாம் பச்சை. மத்தியானம் கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் நானாவின் சாப்பாட்டுக் கடை. கணவாய்ப் பிரட்டல் கேட்டால் கூடவே பொரித்த மீனும் வந்தது. கேட்காமல் வந்ததற்குக் காசும் வாங்கவில்லை.

"இவர் கூட்டிக்கொண்டு வந்த ஆளிட்டைக் காசு வாங்கேலாது" என்றார் நானா. "யுத்தம் முடிஞ்சு நாங்க திரும்பிவந்து குடியேறின நேரம், வீடுமில்லை, கிணறும் பாழ். அப்ப இந்த ரோட்டில முதல் முதல் கேட்ட சத்தம் இவர்ர ஸ்பீக்கர்தான். தண்ணி பவுசர் வருது, வாளியோட வாங்கோ எண்டு. அந்தக் குரலை மறக்கேலுமோ?"

சந்தியோகு தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். புகழ்ச்சி கேட்டால் அவருக்குக் காது சிவந்துவிடும்.

திரும்பும் வழியில் கட்டியத்தைப் பயிற்சி பார்த்தார். வண்டி ஓடிக்கொண்டிருந்தது, நான் பின்னாலிருந்து 'பராக்' போட்டேன். படையில்லா வேந்தர் வந்தார், பராக். கோட்டையில்லா வேந்தர் வந்தார், பராக். "வரி கேளா வேந்தர் வருகிறார், உங்கள் பெறுமதியான வாக்குகளை அரிக்கன் லாம்..."

வண்டி நின்றது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"பாத்தீங்களோ? வாய் தானாப் போகுது. ஒரு மாசமா இதையே கத்துறன். திரேசம்மா சொல்லுறா, நித்திரையிலயும் வாக்குக் கேக்கிறனாம். சுற்றுப்பிரகாரத்தில இப்பிடி வந்தால், நான் வேணுமெண்டு சொன்னனான் எண்டுதான் கிழக்குத் தெரு நினைக்கும். ஊர் ரண்டாப் போகும். கட்டியமும் போகும்."

"லாம்புக்குக் கத்துவதை விட்டுடலாமே?" என்றேன். "கிறிஸ்தவனுக்கு இந்த அரசியலே வேண்டாம்னு இருந்துடலாம் இல்லையா?"

"அதென்ன கதை? எனக்கும் வாக்கிருக்கு. ரோட்டுப் போட வேணும், நீங்கள்தானே தள்ளினனீங்கள்! அதிபர் நல்ல மனுசன், செய்வார். ஆனா அண்ணை, அதிபர் வெல்லுறதுக்கு என்ர குரல் வேணும். அந்த இராசா வெல்லுறதுக்கு ஒருத்தற்ர குரலும் தேவையில்லை. அவர் வந்திட்டார் எண்டு சொல்லத்தான் ஆள் வேணும். வருசம் முழுக்கக் கூலிக்குக் கத்துறன், செத்தவீட்டுக்கும் கத்துறன், செருப்புக் கடைக்கும் கத்துறன். இந்த ஒருநாள்தான் கூலி வாங்காத குரல். அதிலயும் லாம்பு வந்திட்டால் எனக்கெண்டு என்ன இருக்கு?"

 பயந்துபோயிருந்தார் மனிதர். அவருக்காக எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

வழி கண்டுபிடித்தவர் திரேசம்மாதான். "தவக்காலத்தில வயித்துக்கு ஒருசந்தி விரதம் பிடிக்கிறம். நாக்குக்குப் பிடிச்சால் என்ன? பெருநாள் வரைக்கும் ஒரு சொல்லும் கதைக்க வேண்டாம். வாய் ஆறட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார். சந்தியோகு வாயைத் திறக்கப் போனார். "இப்பவே தொடக்கம்" என்று கையை உயர்த்தினார் திரேசம்மா.

பேசாத சந்தியோகுவோடு ஊர் சுற்றிய நாளை நான் மறக்கமாட்டேன். மன்னார்க் கோட்டைக்குக் கூட்டிப்போனார். ஒருகாலத்தில் போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் பிடித்து, ஆங்கிலேயர் கைக்கு வந்த கோட்டை. உள்ளே இப்போது காற்றும் புல்லும், சுவரோரம் ஒரு கழுதைக் குடும்பமும்தான். அதைப் பற்றி நிறையச் சொல்ல ஆசைப்பட்டு, கைகளால் பீரங்கியெல்லாம் சுட்டுக் காட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெருக்க மரம் என்று அவர்கள் சொல்லும், யானைப் பருமனான பழைய மரத்தைச் சுற்றிவந்தபோதும் அதே கதைதான். ஒலிபெருக்கி ஓட்டோ சத்தமில்லாமல் போவதைப் பார்த்துச் சனங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "என்ன, வீட்டில ஏதும் துக்கமோ?" என்று ஒருவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். துக்கமில்லை, விரதம் என்று விளக்கி விளக்கி, கடைசியில் அன்று அறிவிப்பாளர் வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

பெருநாள் பூசையில் நான் பின்வரிசையில் உட்கார்ந்தேன். முழங்காலிட வேண்டிய இடத்தில் நின்று, நிற்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த மீனவரைப் பார்த்துச் சமாளித்தேன். பிலாத்துவின் முன்னால் கைதியாக நின்ற இயேசு, தன் அரசு இந்த உலகத்து அரசுகளைப் போன்றதல்ல, அப்படி இருந்திருந்தால் தன் ஆட்கள் சண்டை போட்டிருப்பார்களே என்று சொன்ன பகுதியைச் சுவாமி வாசித்தார். "அவற்ற ஆக்கள் சண்டை பிடிக்கேல்லை. நாங்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். கேட்டதிலேயே மிகச் சிறிய பிரசங்கம் அதுதான். அதிபரும் சம்மாட்டியும் ஒரே வாங்கில் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் மழை விட்டிருந்தது. கிரீடம் சூட்டிய அரசர் கூட்டில் ஏறினார். ஒரு கொம்புக்கு மேற்குத் தெரு, மறு கொம்புக்குக் கிழக்குத் தெரு. எனக்குக் கிரீடத்தின் திருகாணி தாங்குமா என்ற கவலை, தொழில் புத்தி. சந்தியோகு சிவப்புத் தலைப்பாகையும் கையில் மைக்குமாக முன்னால் வந்து, விரதத்தை முடித்து வாயைத் திறந்தார். அப்பா, என்ன குரல்! கடற்கரைப் பக்கமிருந்து எதிரொலி திரும்பி வந்தது. வரிக்கு வரி சனங்கள் 'பராக்' என்றார்கள். ஒரு தெரு முடிந்தது, இன்னொரு தெருவும் பத்திரமாக முடிந்தது. திரேசம்மா என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார்.

பிறகு சந்தி வந்தது. அதிபர் போட்ட மின்விளக்கு வளைவு அங்கேதான். வளைவின் உச்சியில், யார் செய்த வேலையோ, மஞ்சள் பல்புகளால் ஓர் அரிக்கன் லாம்பு எரிந்துகொண்டிருந்தது. சந்தியோகு நிமிர்ந்து பார்த்தார்.

"வரி கேளா வேந்தர் வருகிறார், உங்கள் பெறுமதியான வாக்குகளை அரிக்கன் லாம்புச் சின்னத்துக்கு..."

ஊர் முழுக்கக் கேட்டது. யாரோ ஒரு சின்னப் பிள்ளை மட்டும் பழக்கத்தில் 'பராக்' என்றது.

முதலில் சிரிப்பு, பிறகு கூச்சல். "காசு வாங்கிப்போட்டான்!" என்று கிழக்குத் தெருவிலிருந்து ஒரு குரல். கிழக்குத் தெருக்காரர்கள் தோளை இறக்கினார்கள். ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கமும் இறங்கியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அரசர் சரிந்துவிடுவார். கூடு நடுரோட்டில் ஈர மணலில் உட்கார்ந்தது. அரசர் சனங்களின் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டார். சம்மாட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். எதிர்ப்பக்கமிருந்து அதிபர் வந்தார், முகம் வெளிறிப்போயிருந்தது. சுவாமி இருவருக்கும் நடுவே ஓடிவந்தார்.

சந்தியோகு மைக்கை என் கையில் திணித்தார். நான் ஏன் அங்கே நின்றேன் என்று எனக்கே தெரியாது. அவர் கூட்டுக்கு முன்னால் போய் மணலில் முழங்காலிட்டார். கன்னமெல்லாம் கண்ணீர். தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து திரும்பவும் தொடங்கினார். மைக் இல்லாமல், கம்மிப்போன வெறுங்குரலில். படையில்லா வேந்தர், கோட்டையில்லா வேந்தர். கேட்பதற்காகவே முன்வரிசை வாயை மூடியது, பிறகு அடுத்த வரிசை. வரி கேளா வேந்தர் வந்தார். அந்த இடத்தைத் தாண்டினார். அதோடு முடித்திருக்கலாம். ஒரு மூச்சு எடுத்து, அதுவரை அந்த ஊர் கேட்டிராத ஒரு வரியைச் சொன்னார்.

"கூலிக்குக் கூவும் வாயையும் தனக்குச் சாட்சியாய் அழைத்த வேந்தர் வருகிறார்!"

பராக் சொல்ல யாரும் வாய் திறக்கவில்லை. கடல் இரைந்தது.  சம்மாட்டி சால்வையைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு, குனிந்து கிழக்குக் கொம்பைப் பிடித்தார்.

"என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறியள்? இராசா நிலத்தில இருக்கிறார். தூக்குங்கோ!"

மறு கொம்பில் அதிபர் தோள் கொடுத்தார், வயதைச் சொல்லி யாரும் தடுக்க முடியவில்லை. அரசர் எழும்பினார். ஊரே 'பராக்' என்றது. அதற்கும் மேலே, ஒலிபெருக்கிகள் எல்லாவற்றிலும், தூத்துக்குடித் தமிழில் ஒரு தனிப் 'பராக்' அதிர்ந்தது. மைக்கை நான் அணைக்கவில்லை. சுவாமி உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் பிறந்த சபையில் இது தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கக்கூட எனக்கு நேரமில்லை, அடுத்த பராக் வந்துவிட்டது.

கோயில் வாசலில் சந்தியோகு தண்டனைக்குக் காத்திருப்பவராக நின்றார்.

"சுவாமி, உங்கட சொல்லை நான்..."

"ஒரு மனுசன்ர பேரும் வரேல்லையே. சின்னம்தான் வந்தது. சின்னத்தைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றார் சுவாமி. "வருற வருசமும் நீர்தான். அந்தப் புது வரியை விட்டுப்போடக் கூடாது."

திரேசம்மா அங்கேயே அழுதுவிட்டார்.

மறுநாள் காலை நான் கிளம்பவேண்டும். இடியப்பத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது சம்மாட்டி வளவுக்குள் வந்தார், எனக்கு ஒரு பொதி கருவாட்டோடு. சந்தியோகுவைத் தனியே இழுத்தார், ஆனால் அவருடைய தனிக்குரல் அடுப்படி வரை கேட்டது.

"டேய், அந்த வரி எனக்குச் சொன்னதுதானே? உண்மையைச் சொல்லு."

"ஐயோ, இல்லைச் சம்மாட்டி! நான் என்ர வாயைச் சொன்னனான்."

"விடு, விடு. விளங்குது" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

அவர் வேலிப் படலையைத் தாண்டவில்லை, அதிபர் சைக்கிளில் வந்து இறங்கினார். லாம்பு பல்புகளைக் கழற்றச் சொல்லிவிட்டாராம். அதைச் சொல்ல வந்தவர், போகும்போது படலையில் நின்று, "சந்தியோகு, நேற்று நீ சொன்னது என்னைப் பற்றித்தான் எண்டு எனக்குத் தெரியும். நான் கோவிக்கேல்லை" என்றார். சந்தியோகு மறுத்துச் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

ஓட்டோவைக் கிளப்பும்போது சந்தியோகு குழம்பிப்போயிருந்தார்.

"என்னண்ணை இது? நான் என்னைச் சொன்னனான். எல்லாரும் தங்களைச் சொன்னதெண்டு நினைக்கினம்."

நான் கருவாட்டுப் பொதியோடு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். சந்தியில் அந்த வரியைக் கேட்டபோது, மூன்று நாள் பழக்கத்தில் இந்த மனிதர் என்னை எப்படிக் கண்டுபிடித்தார் என்றுதான் நானும் திடுக்கிட்டிருந்தேன்.